நடுத் தண்ணீரில் ஒரு போற்றி

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். விடிந்தபோது முரசுமோட்டைக்கு உள்ளே இருந்த அந்த வீட்டுக்கு முற்றம் இல்லை. முற்றத்துக்கு அப்பால் றோட்டுக்குப் போகிற ஒழுங்கை இல்லை. அதற்கும் அப்பால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்ற நெற்பயிர் இல்லை. எல்லாம் ஒரே மண்ணிறத் தண்ணீர்.

வீட்டுக்குள், சாமியறையில், ஜனார்த்தனன் விளக்கேற்றிக்கொண்டிருந்தான்.

"வயலைத் தந்தவளே போற்றி. வெள்ளத்தைத் தந்தவளே போற்றி. தந்ததைத் திருப்பி எடுத்தவளே போற்றி."

அவன் மனைவி பிரேமிளா குசினியில் ஆடுகளுக்கு நடுவே நின்றாள். வீட்டில் உயரமான இடம் குசினிதான் என்பதால் இரவோடு இரவாக ஆடுகளை அங்கே கட்டியிருந்தார்கள். விறகு நனைந்து ஊறிப்போயிருந்தது. காஸ் சிலிண்டர் முந்தின நாளே முடிந்துவிட்டது. ஒருபடியாகக் கொஞ்சம் காய்ந்த தென்னம்பாளைகளைத் தேடிப் பிடித்து அடுக்கிவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடினால், அதைக் காணவில்லை.

சாமியறை வாசலுக்கு வந்தாள். பெட்டி விளக்கடியில் கிடந்தது. ஈரக் காற்றில் குச்சிகள் ஒன்றொன்றாக அணைந்திருக்கவேண்டும்; எல்லாவற்றையும் கிழித்து முடித்திருந்தான்.

"அம்மாளுக்கு விளக்கு எரியுது. மேனுகாவுக்குத் தேத்தண்ணி இல்லை" என்றாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே, விளக்கில் இருந்து பற்றவைக்கலாம் என்றான். அது சரியான யோசனைதான். சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனார்த்தனன் முந்தி இப்படி இல்லை. வாய்க்காலில் தண்ணீர் பிந்தினால் நீர்ப்பாசனக் கந்தோரில் போய்ச் சத்தம் போடுகிற ஆள். உரம் வராவிட்டால் ஊரைக் கூட்டுகிற ஆள். இரண்டு மாரிக்கு முன் எலிக்காய்ச்சல் வந்து, பிழைப்பானா என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எழும்பி வந்தபோது இந்தப் போற்றியோடு வந்தான். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்தே போனான். அதற்குப் பிறகு நல்லது நடந்தாலும் போற்றி, கெட்டது நடந்தாலும் போற்றி. யாரும் எழுதிவைத்த பாட்டு இல்லை. வாயில் வருவதைக் கோர்த்துச் சொல்லிக்கொண்டே போவான். பன்றி வந்து வயலைக் கிளறிவிட்டுப் போன காலையிலும் வரம்பில் நின்று போற்றி சொன்னான். பக்கத்து வயல்காரர்கள் பிரேமிளாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவன் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் கஞ்சிப் போத்தலோடு பஸ்ஸில் தொங்கியவள் பிரேமிளா. மருந்து இல்லை என்று வெளியே அனுப்பியபோது மழையில் ஓடியவள் பிரேமிளா. புகழெல்லாம் வற்றாப்பளைக்குப் போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் இருந்தது வேறொன்று.

மேனுகா ஜனார்த்தனனின் ஒரே தங்கை. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் அனோஜனை விரும்பி, பதிவுக் கலியாணம் செய்துகொண்டாள். அனோஜன் தகப்பன் நல்லதம்பியோடு இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிறவன். எழுபத்தேழில் மலையகத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம். ஜனார்த்தனனின் தகப்பனும் வடமராட்சியில் இருந்து காணி கிடைத்து வந்த ஆள்தான். ஆனால் வந்தவர்களுக்குள்ளும் யார் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு நடந்த அன்று ஜனார்த்தனன் கந்தோர் வாசலில் வைத்து நல்லதம்பியை ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல்லை இங்கே எழுதவேண்டியதில்லை. வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். இரண்டு வருசமாக இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை.

தலைப்பிள்ளை, பெறுவதற்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டும், தாயும் இல்லை என்று பிரேமிளாதான் மாதக்கணக்காக அவனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் இறங்கிவந்தான். மேனுகா வரலாம். அவளைக் கட்டின அவன் வரக்கூடாது. அதனால் அனோஜன் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கை முகப்பு வரைக்கும் வந்து, மனைவியைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போனான். மேனுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்று கையை ஆட்டுவாள். பிரேமிளாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்கவேண்டும் போல இருக்கும்.

வீட்டை மூழ்கடிக்க வந்த வெள்ளத்துக்கு இந்த மனுசன் வாசலில் நின்று கும்பிடு போடுகிறான். ஒரு பொடியனை உள்ளே வா என்று சொல்ல மாட்டேன் என்கிறான். இது என்ன பக்தி?

அதை அன்று காலையில் அவள் கேட்டும் விட்டாள். தேநீரை நீட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில், மேனுகாவுக்குக் கேட்காதபடி கேட்டாள். அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு, இது வேறை, அது வேறை என்றான்.

"அம்மாளுக்கும் அது வேறையாத்தான் தெரியுதோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றுவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு, கட்டிலில் இருந்த மேனுகா எழும்பி நின்றாள். நின்றபடியே "அண்ணி" என்றாள். குரலில் இருந்த ஏதோ ஒன்று பிரேமிளாவைக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடவைத்தது. பன்னீர்க்குடம் உடைந்திருந்தது.

இன்னும் நாள் இருந்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை தலை திரும்பாமல் கால் கீழே கிடக்கிறது, வீட்டிலோ வழியிலோ பிறக்க விடவே கூடாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று கிளினிக்கில் மருத்துவமாது திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். இப்போது போன் எடுத்தபோதும் அதையேதான் சொன்னாள். அம்புலன்ஸ் பெரிய றோட்டு வரைக்கும் வரும். அதற்கு உள்ளே வர வழியில்லை. எப்படியாவது றோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கோ என்றாள்.

எப்படியாவது என்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

ஜனார்த்தனன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து சஜீவனிடம் போனான். நாலு வீடு தள்ளி இருக்கும் சஜீவனிடம் பெரிய உழவு மெசினும் பின்பெட்டியும் இருந்தன. அந்தச் சக்கரங்களின் உயரத்துக்கு அது போகக்கூடும். ஆனால் றோட்டுக்குப் போகிற வழியில் ஒரு மதகு இருக்கிறது. குளத்துத் தண்ணீர் எல்லாம் அந்த மதகுக்கு மேலால்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

கணவன் தலை மறைந்ததும் பிரேமிளா மேனுகாவின் போனை எடுத்தாள். குளத்து மீன்பிடிக்காரர்களின் படகுகளைக் கன்ரர் லொறிகளில் ஏற்றிவந்து, றோட்டோரத்தில் இருந்து ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள் என்றும், அனோஜனும் தகப்பனும் அங்கேதான் நிற்கிறார்கள் என்றும் மேனுகா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"தம்பி, நான் மேனுகாவின்ர அண்ணி கதைக்கிறன். இவளுக்குக் குத்துத் தொடங்கிட்டுது. மெசினிலை கொண்டு வரப் பாக்கிறம். மதகடியிலை என்ன நடக்குமெண்டு தெரியாது. படகைக் கொண்டு அந்தப் பக்கத்துக்கு வாங்கோ. நாங்கள் தாண்டிட்டமெண்டால் திரும்பிப் போங்கோ, அவர் காணத் தேவையில்லை."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளையின் தகப்பனைப் பார்த்து, ஒளிந்து நில் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

"வாறம், அக்கா" என்றான் அனோஜன். அவ்வளவுதான்.

பெட்டிக்குள் மெத்தையைப் போட்டு, மேலே தறப்பாளைப் பிடித்து, மேனுகாவைத் தூக்கி ஏற்றினார்கள். சஜீவன் மெசினை மெதுவாக எடுத்தான். ஒழுங்கை எங்கே இருக்கிறது என்பதை வேலிக் கதியால்களின் தலைகளை வைத்துத்தான் அறியவேண்டியிருந்தது. ஜனார்த்தனன் தங்கையின் தலைமாட்டில் இருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினான்.

"மெசினைத் தந்தவளே போற்றி. சஜீவனைத் தந்தவளே போற்றி. மழையை நிப்பாட்டினவளே போற்றி."

பிரேமிளா தறப்பாளின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வாயை மூடச் சொல்லலாம் என்று நினைத்தபோது மேனுகாவைக் கவனித்தாள். அவளுக்கு வலி எழும்பும்போதெல்லாம் கண்கள் தமையனின் வாயில் நின்றன. ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு மூச்சை விட்டாள். அடுத்த போற்றி வரும்வரை உள்ளே இழுத்தாள். மருத்துவமாது படிப்பித்துக் கொடுத்தும் வராத மூச்சு, தமையனின் குரலோடு சேர்ந்து ஒழுங்காக வந்தது.

சரி, அதற்காவது உதவட்டும் என்று விட்டுவிட்டாள்.

மதகடிக்கு வந்தபோது தண்ணீரின் சத்தம் மெசினின் சத்தத்தை விழுங்கியது. சஜீவன் திரும்பிப் பார்த்தான். போவதா விடுவதா என்று கேட்கிற பார்வை. திரும்பிப் போக வழியில்லை என்று பிரேமிளா சொன்னாள். அவன் மெசினை முன்னால் விட்டான்.

பாதித் தூரம் போனார்கள். பின்பெட்டியின் ஒரு சக்கரம், தண்ணீர் அரித்துவிட்டிருந்த றோட்டு விளிம்பில் சறுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. மெசின் இருமி, திணறி, நின்றுவிட்டது. சஜீவன் மறுபடி மறுபடி முயன்றான். அது உயிர் கொள்ளவில்லை. சரிந்த பக்கத்தால் தண்ணீர் பெட்டிக்குள் வந்து மெத்தையை நனைத்தது.

மேனுகா "அண்ணா" என்று கத்தினாள்.

ஜனார்த்தனன் தங்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தான். வாய் பாதி திறந்தபடி நின்றது. அதற்குள் இருந்து ஒன்றும் வரவில்லை.

பிரேமிளாவுக்கு அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரியும். அவளும் அன்று அங்கே இருந்தவள். சண்டையின் கடைசி நாட்களில் நந்திக்கடலுக்குள் இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் நடந்தபோது, பத்து வயது மேனுகாவைத் தோளில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் தாயைப் பிடித்திருந்தான். ஒரு இடத்தில் அந்தக் கையில் ஒன்றும் இருக்கவில்லை. நின்று தேட விடாமல் பின்னால் வந்த சனம் தள்ளிக்கொண்டு போனது. கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சின்னப்பிள்ளையாக இருந்த தன் மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பிரேமிளா அதைப் பார்த்தாள். அந்த மகள் இன்று யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். அந்தத் தண்ணீரைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள். அவன் திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அங்கே இல்லை.

வலி மறுபடி எழும்பியது. மேனுகாவின் மூச்சு கட்டறுந்து போனது. கையும் காலும் விறைக்க, சரிந்த பக்கத்துக்கே தன்னை அறியாமல் உதைத்து நழுவினாள். இவள் இப்படி அடித்தால் பெட்டி கவிழும் என்று சஜீவன் முன்னால் இருந்து சொன்னான்.

"ஆரெண்டாலும் சொல்லுங்கோ" என்று மேனுகா அழுதாள். "அண்ணி, நீங்கள் சொல்லுங்கோ."

பிரேமிளாவுக்கு வந்த கோபம் அவள் ஆயுளில் வந்திராத கோபம். நாள் முழுக்க, வருசம் முழுக்க, ஆட்டுக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் போற்றி சொன்ன வாய், சொல்லவேண்டிய ஒரேயொரு நேரத்தில் அடைத்துப்போய்விட்டது. அதையும் இனி நானா செய்யவேண்டும்? சமைக்கிறது நான், ஆட்டைக் கட்டுறது நான், போன் எடுக்கிறது நான், கடவுளைக் கும்பிடுறதும் நானா?

மேனுகாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன்பக்கம் திருப்பினாள்.

"வெள்ளத்தைத் தந்தவளே போற்றி" என்றாள். அடுத்து என்ன என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"நனைஞ்ச விறகைத் தந்தவளே போற்றி. என்ர குசினிக்குள்ளை ஆட்டைக் கட்ட வைச்சவளே போற்றி. கடைசி நெருப்புக் குச்சியையும் வாங்கிக்கொண்டவளே போற்றி. நடுத் தண்ணியிலை வாயடைச்சுப் போற மனுசனை எனக்கெண்டு தேடித் தந்தவளே போற்றி."

சண்டைக்குப் போகிறவளின் குரலில்தான் சொன்னாள். மேனுகா அவளையே பார்த்தாள். அழுகைக்கு நடுவில், வலிக்கு நடுவில், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு மூச்சும் வந்தது.

"இழு. விடு. சஜீவனை ஓடாமல் இருக்க வைச்சிருக்கிறவளே போற்றி."

முன்னால் இருந்து சஜீவனும் "போற்றி" என்றான். பயந்த குரல். ஆனால் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் பிரேமிளாவுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. திட்டுவதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனால் மேனுகாவுக்கு அடுத்த மூச்சுக்கு அடுத்த போற்றி வேண்டும். சொல்வதற்கு ஏதாவது வேண்டும் என்று கண்ணால் தேடினாள். தேடியபோதுதான் கண்டாள். பெட்டி சரிந்திருக்கிறது, ஆனால் கவிழவில்லை. மெசினையும் பெட்டியையும் பிணைத்த ஆணி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் மெத்தையை நனைத்தது, அதற்குமேல் ஏறவில்லை.

"மதகை உடையாமல் வைச்சிருக்கிறவளே போற்றி. ஆணியைக் கழலாமல் வைச்சிருக்கிறவளே போற்றி. இவளுக்கு மூச்சைத் தாறவளே போற்றி. வயித்துக்குள்ளை இருக்கிறதை வயித்துக்குள்ளையே இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிருக்கப் போறவளே போற்றி."

அவள் தறப்பாள் கயிற்றை அவிழ்த்து, மேனுகாவின் அக்குளுக்குக் கீழால் கொடுத்து, உயர்ந்த பக்கத்துக் கம்பியில் கட்டினாள். இனி நழுவ மாட்டாள். கட்டும்போதும் வாய் ஓயவில்லை. ஜனார்த்தனனின் கண் தண்ணீரை விட்டு மெல்லத் திரும்பி, மனைவியின் வாயில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. பிறகு மேனுகாதான் சொன்னாள்.

படகு வந்தது. நேரே வர முடியாமல், மேலே போய்ச் சுற்றி, நீரோட்டத்தோடு இறங்கி வந்தது. பின்னால் நல்லதம்பி துடுப்பைப் பிடித்திருந்தார். முன்னால் அனோஜன். பெட்டியின் கம்பியைப் பாய்ந்து பிடித்து, படகை அதோடு சேர்த்து அணைத்து, இரண்டு கையையும் நீட்டினான். ஜனார்த்தனனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கைகளை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றான்.

பிரேமிளா கயிற்றை அவிழ்த்தாள். ஜனார்த்தனன் தங்கையைத் தூக்கினான். தூக்கியவன் விடவில்லை. அந்தக் கைக்கு விடத் தெரியவில்லை.

"குடுங்கோ" என்றாள் பிரேமிளா. "இது அந்தத் தண்ணி இல்லை. இந்தக் கை பிடிக்கும். குடுங்கோ."

அவன் கொடுத்தான்.

படகில் அதற்குமேல் ஒருவருக்குத்தான் இடம். பிரேமிளா ஏறினாள். நீங்கள் போங்கோ, நாங்கள் சமாளிப்பம் என்று சஜீவன் கையைக் காட்டினான். படகு விலகும்போது திரும்பிப் பார்த்தாள். சரிந்த பெட்டியில் நின்ற புருசனின் இரண்டு கைகளும், எதையோ தூக்கியபடி இருந்த அதே நிலையில், வெறுமனே நின்றன.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. றோட்டில் அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டி நின்றது. உடனே வெட்டி எடுக்கவேண்டும் என்று டாக்குத்தர் சொன்னார். புருசன் யார் என்று கேட்டபோது அனோஜன் சேறு வடியும் காற்சட்டையோடு முன்னால் போனான். கதவு மூடியது.

பிரேமிளா வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில் இருந்தாள். சீலை இடுப்புவரை நனைந்து கனத்தது. புருசனின் போனுக்கு எடுத்தாள். அடிக்கவில்லை. சஜீவனின் போனுக்கு எடுத்தாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். அந்த மனுசனை நடுத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து இங்கே இருக்கிறோமே என்ற நினைப்பு இப்போதுதான் ஏறியது. அந்தக் காலையில் நெருப்புப் பெட்டிக்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் நினைவுக்கு வந்தது. எரிச்சல் வந்தது, தன் மேலேயே.

கதவு திறந்தது. தாதி அனோஜனைக் கூப்பிட்டாள். பெண்பிள்ளை. தாயும் சேயும் சுகம். தாய் மயக்கம் தெளிய நேரம் எடுக்கும். துணியில் சுற்றியிருந்த ஒன்றைத் தூரத்தில் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனாள். அனோஜன் சுவரோடு சாய்ந்து முகத்தைத் துடைத்தான். துடைத்த கை சேறு என்பதை மறந்துபோனான்.

அப்போதுதான் சஜீவனின் போன் எடுபட்டது. மெசின் சரிந்து வாய்க்காலுக்குள் போய்விட்டதாம். அதற்கு முன்பே இருவரும் கயிற்றைப் பிடித்து நீந்தி, பழைய நெல்லுக் களஞ்சியத்தின் கூரையில் ஏறிவிட்டார்களாம். தண்ணீர் இன்னும் ஏறுகிறதாம். அதைச் சொல்லிவிட்டுப் போனை ஜனார்த்தனனிடம் கொடுத்தான்.

"பெம்பிளைப் பிள்ளை" என்றாள் பிரேமிளா. "ரெண்டு பேரும் சுகம்."

மறுபக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போற்றியை எதிர்பார்த்தாள். இந்த முறை அது வந்தால் எரிச்சல் படுவதில்லை என்றுகூட நினைத்துக்கொண்டாள். அது வரவில்லை.

"அவர் பக்கத்திலை நிக்கிறாரோ?" என்று கேட்டான். "நிண்டால், போனைக் குடும்."

இரண்டு வருசமாக 'அவன்' என்றிருந்தது 'அவர்' ஆகியிருந்தது. பிரேமிளா போனை நீட்டினாள்.

அனோஜன் அதைக் காதில் வைத்தான். கேட்டான். இடையில் ஒருமுறை "ஓம்" என்றான். பிறகு குந்திவிட்டான். போன் நின்ற பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தான்.

"என்ன சொன்னவர்?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ எண்டவர்" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "அவருக்குத் தெரியாது, அக்கா, வாறதும் விடுறதும் இனி என்ர கையிலை மட்டும் இல்லை" என்றான்.

ஏன் என்று கேட்டாள். அவன் தகப்பனைப் பற்றிச் சொன்னான். நல்லதம்பி அன்றைக்குக் கந்தோர் வாசலில் கேட்ட சொல்லை மறக்கவில்லை. அந்த வீட்டுப் படலைக்குள் தன் வீட்டு ஆள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று அவரும் சத்தியம் செய்திருக்கிறார். மருமகளை அங்கே அனுப்பினதே அவருக்குப் பிடிக்கவில்லை. இன்று மேனுகாவின் உயிருக்காகத்தான் துடுப்பைப் பிடித்தார்.

"இப்ப ஐயா எங்கை?"

"எங்களை றோட்டிலை இறக்கின உடனை படகைத் திருப்பிட்டார். அந்த ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வாறன் எண்டு போனவர். தனியத்தான் போனவர்."

பிரேமிளா எழும்பி வெளி விறாந்தைக்கு வந்தாள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. கிழக்கே முரசுமோட்டைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குக் கீழே எங்கேயோ ஒரு சின்னப் படகு. சஜீவனைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்தப் படகில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கப்போகிறவர்கள் இரண்டு வருசம் முகம் பாராத இரண்டு ஆம்பிளைகள். ஒருவர் ஏறு என்று சொல்லவேண்டும். மற்றவர் ஏறவேண்டும். இரண்டு பேருமே பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. படகு அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. சஜீவனின் போன் மறுபடி அடிக்கவில்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. யாருக்கும் போன் எடுக்க முடியாது, எதையும் கட்ட முடியாது, யாரையும் ஏச முடியாது. இப்படி ஒரு நேரம் அவளுக்கு எப்போதாவது வாய்த்ததா என்று நினைவில்லை.

"இண்டைக்கு ஒருத்தியைத் தந்தவளே போற்றி" என்று மெல்லச் சொன்னாள். பிறகு, படகு வந்து சேருமுன்பே, "அந்தத் துடுப்புக்குப் போற்றி" என்றாள்.